சின்ன அரசு ஹைஸ்கூல், 68 சதவீதம் தேர்ச்சி: மகளைச் சேர்க்கலாமா?

அல்சூர்க்காரி
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இந்த வருஷம் ஏழாவது முடிக்கிறா. இதுவரைக்கும் தனியார் இங்கிலீஷ் மீடியம். வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தை மூடிட்டாங்க. இனிமே அந்த ஃபீஸ் நம்மால ஆகாது. இங்க பெங்களூர்ல, நடந்து போற தூரத்துல ஒரு அரசு ஹைஸ்கூல் இருக்கு. எட்டு, ஒன்பது, பத்து மட்டும்தான். மொத்தம் 64 பிள்ளைங்க. பேர் இங்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு அண்ணா அந்தப் பள்ளிக்கூடத்து எஸ்டிஎம்சியில, அதாவது பள்ளி மேம்பாட்டுக் கமிட்டியில இருக்கார். நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்து அனுப்பினார். போன வருஷம் எஸ்எஸ்எல்சி தேர்ச்சி 68 சதவீதம்னு போட்டிருக்கு. கீழேயே பிள்ளைங்க கணக்கு: பொண்ணுங்க 39, பசங்க 25. எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மைனாரிட்டின்னு கட்டம் கட்டமா இருக்கு. பாதிக்கு மேல எஸ்சி, எஸ்டி.

என் நாத்தனார் வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு, "அந்த மாதிரி பிள்ளைங்க கூட உட்கார வச்சா நம்ம பொண்ணு படிப்பு போச்சு"ன்னு சொல்லிட்டார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கல. ஆனா 68ங்கிற நம்பரைப் பார்த்து ராத்திரி தூக்கம் வரல, அதுவும் நிஜம். இதையெல்லாம் எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜெயநகர் வாசி
அக்கா, மனசுல பட்டதைச் சொல்றேன். மூணுல ஒரு பிள்ளை ஃபெயிலாகிற இடம் அது. எங்க ஏரியா தனியார் பள்ளியெல்லாம் நூத்துக்கு நூறு காட்டுறாங்க. கடனை வாங்கியாவது இந்த மூணு வருஷத்தைத் தள்ளிடுங்க. பத்தாவது மார்க்தான் பியூசிக்கு (பதினொண்ணு, பன்னெண்டு) வாசல்.

கணக்கு டீச்சர் (ஓய்வு)
அல்சூர்க்காரி அம்மா, 68 சதவீதம் இருக்கட்டும். எழுதினது எத்தனை பேர், தேறினது எத்தனை பேர்? அதைக் கேட்டு வந்து சொல்லுங்க. அதுக்கு முந்தைய வருஷத்தையும் கேளுங்க.

அல்சூர்க்காரி
கேட்டுட்டேன் சார். 19 பேர் எழுதி 13 பேர் பாஸ். முந்தைய வருஷம் 17 பேர் எழுதி 15 பேர்.

கணக்கு டீச்சர் (ஓய்வு)
நான் ஆம்பள இல்லம்மா, டீச்சரம்மாதான். முப்பத்தோரு வருஷம் இந்த ஊர் அரசு ஹைஸ்கூல்களில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

19இல் 13 என்றால் 68.4. முந்தைய வருஷம் 17இல் 15, அது 88.2. ஒரே கட்டடம், ஏறக்குறைய அதே வாத்தியார்கள், இருபது சதவீதம் இறக்கம். வெளியே இருந்து பார்த்தால் பள்ளிக்கூடமே இடிந்து விழுந்த மாதிரி தெரியும். நடந்தது என்ன? முதல் வருஷம் 2 பேர் தவறினார்கள், அடுத்த வருஷம் 6 பேர். 19 பேர் எழுதுகிற இடத்தில் ஒரு பிள்ளைக்கு 5 சதவீதத்துக்கு மேல் கனம். ஒரு பையனுக்குப் பரீட்சை சமயத்தில் மஞ்சள்காமாலை வந்தால் போதும், பள்ளியின் எண் 5 இறங்கிவிடும். 300 பேர் எழுதுகிற பள்ளியில் அதே காய்ச்சல் அரை சதவீதம்கூட ஆகாது. சின்னப் பள்ளிக்கூடத்தின் சதவீதம் வருஷா வருஷம் ஊஞ்சலாடத்தான் செய்யும். குறைந்தது ஐந்து வருஷத்துத் தலைக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

மாநிலத்தின் எண்ணே ஆடுகிறது. 2023இல் கர்நாடக எஸ்எஸ்எல்சி தேர்ச்சி 83.89. 2024இல் 73.40. ஒரே வருஷத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மூளை மழுங்கிவிடவில்லை. அந்த வருஷம் பரீட்சை அறைகளில் கேமரா வைத்து வெப்காஸ்டிங் செய்தார்கள், காப்பி அடிப்பது நின்றது. அந்த 73ஐ எட்டுவதற்கே கருணை மதிப்பெண்ணை 10இலிருந்து 20 சதவீதமாக ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றாமல் விட்டிருந்தால் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால் எந்த வருஷத்து எண், எந்த விதியில் வந்த எண் என்று பார்க்காமல் ஒப்பிடக் கூடாது.

ஜெயநகர் தம்பி, நூற்றுக்கு நூறு பற்றி ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் என் வகுப்புக்கு ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் புதுப்பிள்ளைகள் வருவார்கள், கையில் தனியார் பள்ளி டிசியோடு. "மேடம், அங்க எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க" என்பார்கள் பெற்றோர்கள். கணக்கில் 20 தாண்டாத பிள்ளையை ஒன்பதாவதிலேயே அனுப்பிவிட்டால் பத்தாவதில் 100 வராமல் எங்கே போகும்? அந்தப் பிள்ளை என்னிடம் வந்து தவறினால், அது என் பள்ளியின் கணக்கில் ஏறும். எல்லாத் தனியார் பள்ளியும் இப்படி என்று சொல்லவில்லை. இப்படி வந்த பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

விவேக்நகர் பழைய மாணவி
நான் அந்த மாதிரி ஸ்கூல்லதான் படிச்சேன். தமிழ் முதல் மொழி. இப்ப ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை.

பொண்ணுங்க 39, பசங்க 25ன்னு போட்டிருக்கீங்களே, எங்க கிளாஸும் அப்படித்தான். ஏன்னு எங்க வீட்டைப் பார்த்தாலே தெரியும். அண்ணன் கான்வென்ட், நான் அரசு பள்ளி. இருக்கிற காசு ஒருத்தருக்குத்தான் பத்தும், அது பையனுக்குப் போகும். எங்க தெருவுல நாலு வீட்டுல இதே கதை. இதுல இன்னொண்ணு இருக்கு அக்கா. வீட்டுல நல்லாப் படிக்கிற பொண்ணைத்தான் பல பேர் அங்க அனுப்புறாங்க, "அவ எங்க போட்டாலும் படிச்சுக்குவா"ன்னு. எங்க பேட்ச்ல முதல் அஞ்சு ரேங்க்கும் பொண்ணுங்க. அதுல ரெண்டு பேர் காலையில அம்மா கூட அபார்ட்மென்ட் வேலைக்குப் போயிட்டு வந்து கடைசி பெஞ்சுல மூச்சு வாங்கிட்டு உட்காருவாங்க. வாட்டர் பாட்டிலை வாயில கவுத்து அரை பாட்டில் குடிச்சிட்டுத்தான் புத்தகத்தையே திறப்பாங்க.

நாங்க ஒன்பதாவது வந்தப்ப தமிழ் டீச்சர் ரிடயர் ஆனாங்க. அவங்க இடத்துக்கு யாரும் வரல. எங்களுக்கு அப்புறம் தமிழ் பிரிவே இல்ல.

தகவல் தேடி
அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளியும் யூடைஸ் என்ற படிவத்தை வருஷந்தோறும் நிரப்புகிறது. ஆண், பெண், சாதிப் பிரிவு, சிறுபான்மை, மாற்றுத்திறன், வறுமைக்கோடு, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. பல வருஷங்களாக செப்டம்பர் 30ஆம் தேதி பதிவேட்டில் யார் இருந்தார்களோ அதுதான் கணக்காக இருந்தது. தீபாவளிக்குப் பிறகு வந்த பிள்ளையும், சங்கராந்திக்கு ஊருக்குப் போய்த் திரும்பாத பிள்ளையும் அந்தத் தாளில் தெரியாமல் போனார்கள். 2022-23 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் கொடுத்துத் தனித்தனியாகப் பதிகிறார்கள். இப்போது ஒரு பிள்ளை எந்தப் பள்ளியிலிருந்து எங்கே போனது என்று பின்தொடர முடியும். நோட்டீஸ் போர்டுக்கு அந்தக் கதை வருவதில்லை.

எஸ்சி கட்டத்தைப் பற்றி. பெங்களூர்த் தமிழர்களுக்கு அது பாதி உண்மைதான். கர்நாடகப் பட்டியலில் ஆதி திராவிடர் இருக்கிறார்கள். ஆனால் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அதன் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, அதே சமூகமாக இருந்தாலும், இங்கே எஸ்சி சலுகை கிடையாது. 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: ஒரு மாநிலத்தின் பட்டியல் இன்னொரு மாநிலத்துக்கு உடன் வராது. ஆகவே ஒரே தெருவில், ஒரே வேலை செய்கிற இரண்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று எஸ்சி கட்டத்திலும் மற்றொன்று பொதுப்பிரிவிலும் நிற்கும். பொதுப்பிரிவு என்று பார்த்ததும் வசதியான வீடு என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்தத் தாளில் இல்லாத முக்கியமான கேள்வி, பிள்ளை எங்கிருந்து வந்தது என்பது. 2024 முடிவில் உடுப்பி மாவட்டம் 94 சதவீதம், யாதகிரி 50.59. இன்றைக்கு நம் ஊரில் கட்டட வேலைக்கு வருகிற குடும்பங்களில் எத்தனையோ வட கர்நாடகத்தின் யாதகிரி, ராய்ச்சூர், கலபுரகி பக்கத்துக் குடும்பங்கள். அங்கே ஏழாவது வரை படித்த பிள்ளை இங்கே எட்டாவதில் சேர்கிறது. அந்தப் பிள்ளை கொண்டு வந்ததையும் இந்தப் பள்ளி கொடுத்ததையும் ஒரே சதவீதத்தில் போட்டுக் குழப்புகிறோம்.

லிங்கராஜபுரம் அப்பா
எல்லாரும் சொல்றது சரி. ஆனா எனக்கு ஒரு வருத்தம், சொல்லியே ஆகணும்.

என் ரெண்டு பிள்ளைங்களும் அரசு ஹைஸ்கூல். பெரியவன் பத்தாவது படிச்ச வருஷம் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் கணக்குக்கு ஆளே இல்ல. போஸ்ட் காலி. அப்புறம் ஒரு கெஸ்ட் டீச்சர் வந்தாங்க, நல்லாத்தான் நடத்தினாங்க. விட்டுப்போன அஞ்சு மாசப் பாடத்தை மூணு மாசத்துல அவங்க எப்படி முடிப்பாங்க? ரிசல்ட் வந்ததும் மீட்டிங்ல ஒரு ஆஃபீசர் சொன்னார், "கூலி வேலை செய்றவங்க பிள்ளைங்க, இவ்வளவுதான் வரும்"னு. நான் எழுந்து நின்னு கேட்டேன். சார், என் பையன் வீட்டுல கூலி வேலைதான், ஆனா அஞ்சு மாசம் காலியா இருந்த நாற்காலி எங்க வீட்டு நாற்காலி இல்லையே.

சாதி, வறுமை, வெளியூர்னு இந்தக் கட்டங்களைக் காட்டி பள்ளிக்கூடம் தப்பிச்சுக்கக் கூடாது. அதே கட்டங்களைக் காட்டி பிள்ளைங்களைத் திட்டவும் கூடாது. நீங்க நேர்ல போய் ஒண்ணே ஒண்ணு கேளுங்க அம்மா: எட்டாவது சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் பத்தாவது வரைக்கும் இருந்தாங்க? கட்டாயக் கல்விச் சட்டம் 6ல இருந்து 14 வயசு வரைக்கும், எட்டாவதோட முடிஞ்சுடுது. அதுக்கு அப்புறம் பிள்ளை நின்னா தேடி வர ஆள் கிடையாது. ஒன்பதாவதுலதான் பசங்க கழண்டுக்கிறாங்க.

கணக்கு டீச்சர் (ஓய்வு)
லிங்கராஜபுரம் அண்ணா சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்க மாட்டேன். கணக்குப் பணியிடம் காலியாக இருந்த ஒவ்வொரு வருஷமும் எனக்கு உடம்பு எரியும். இரண்டு பள்ளிக்கு நான் ஒருத்தி என்று ஓடிய வருஷமும் உண்டு. அல்சூர்க்காரி அம்மா, வாத்தியார் வருகைப் பதிவையும் கேட்டுப் பாருங்கள். காட்டினால் அந்த எச்.எம். நல்லவர்.

ஜெயநகர் வாசி
டீச்சர், டிசி விஷயம் நான் யோசிச்சதே இல்லை. எங்க அக்கா பையன் படிக்கிற இடத்துலயும் ஒன்பதாவதுல நாலஞ்சு பேர் காணாம போனாங்கன்னு இப்பதான் ஞாபகம் வருது. கடன் வாங்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். இருந்தாலும் இங்கிலீஷ் என்ன ஆகும்ங்கிற கேள்வி எனக்கு இருக்கு.

அல்சூர்க்காரி
நேத்து சனிக்கிழமை போயிட்டு வந்தேன். நீளமா எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க.

பத்தாவது கிளாஸ் ரூம் கரும்பலகை ஓரத்துல சுண்ணக்கட்டியில கன்னடத்துல எழுதியிருந்தது: ஒட்டு 21, ஹாஜரு 16. அதாவது மொத்தம் 21, வந்தவங்க 16. அஞ்சு பேர் எங்கன்னு எச்.எம். மேடத்தைக் கேட்டேன். அஞ்சு பேரையும் பேர் சொல்லி, காரணம் சொன்னாங்க. ஒருத்திக்குத் தம்பி பொறந்திருக்கான், ஒருத்தன் அப்பா கூட ஊருக்கு, இப்படி. அந்த நிமிஷமே எனக்குப் பாதி பாரம் இறங்கிடுச்சு. எங்க பழைய ஸ்கூல்ல ஒரு செக்ஷன்ல 52 பேர். என் பொண்ணு மூணு நாள் ஜுரத்துல இருந்தப்ப யாரும் கேட்டதில்ல.

அந்த ஆறு பேரைப் பத்திக் கேட்டேன். ரெண்டு பேர் டீச்சர் சொன்ன மாதிரியே பத்தாவதுல டிசியோட வந்தவங்க. மூணு பேர் வடக்கே இருந்து வந்த குடும்பம், நடுவுல ரெண்டு மாசம் ஆளே இல்ல. ஒரு பையன் கணக்குல மட்டும் போச்சு. 2024ல எக்ஸாம் 1, 2, 3ன்னு மூணு தடவை எழுதலாம்னு கொண்டு வந்தாங்களாமே, எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அந்த ஆறுல நாலு பேர் அடுத்தடுத்த எக்ஸாம்ல பாஸ் பண்ணிட்டாங்களாம். ஆக 19க்கு 17. போர்டுல மட்டும் 68 அப்படியே நிக்குது. "இதை மாத்தி எழுதலாமே மேடம்"னு கேட்டேன். முதல் எக்ஸாம் ரிசல்ட்டைத்தான் எல்லாரும் கேக்கறாங்கன்னு சொன்னாங்க.

கணக்குல போன பையன் அங்கேயே இருந்தான். இன்னும் தேறல. லீவு நாள்ல அப்பா கூட டைல்ஸ் வேலைக்குப் போறான், சனிக்கிழமை மத்தியானம் சார்கிட்ட வந்து படிக்கிறான். புத்தகத்துல இருந்து ஒரு பரப்பளவுக் கணக்கைக் கொடுத்தாங்க. பேனாவைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருந்தான். சார் புத்தகத்தை மூடி வச்சுட்டு, "12க்கு 15 ஹாலு, ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ், எத்தனை பெட்டிடா?"ன்னார். பையன் தலையைக்கூட நிமிர்த்தல. "180 அடி. பெட்டிக்கு நாலு பீஸ், 16 அடி. பதினொண்ணேகால் வரும், 12 பெட்டி வாங்கணும், கட்டிங் வேஸ்ட்டுக்கு இன்னொண்ணு"ன்னான். சார் அதையே புத்தகத்துல இருக்கிற வார்த்தையில திருப்பி எழுதச் சொன்னார். எழுதினான், அடிச்சான், மறுபடி எழுதினான். நான் இருந்த வரைக்கும் நாலு வரி வந்துச்சு.

எட்டாவது சேர்ந்தவங்கள்ல நின்னவங்க கணக்கும் வாங்கினேன் அண்ணா. 24 பேர் சேர்ந்து, பத்தாவதுக்கு 17 பேர் வந்தாங்க, ரெண்டு பேர் வெளியில இருந்து சேர்ந்தது. ஏழு பேர் நடுவுல போயிட்டாங்க. அஞ்சு பேர் வீடு மாத்திப் போனவங்க, வேற ஸ்கூல்ல இருக்காங்களாம். ரெண்டு பேரைப் பத்தி எச்.எம்.முக்கும் தெரியல. அதைச் சொல்லும்போது அவங்க குரல் இறங்கிடுச்சு.

கணக்கு, சயின்ஸ் ரெண்டுக்கும் பர்மனென்ட் ஆள் இருக்காங்க. இந்திக்கு கெஸ்ட். பொண்ணு கூட வந்தா. வெளியில வந்ததும், "அம்மா, இங்க லைப்ரரி பீரோ பூட்டாம இருக்கு"ன்னா.

விவேக்நகர் பழைய மாணவி
அக்கா, டைல்ஸ் பையன் கதையைப் படிச்சுட்டு லேப்ல உட்கார்ந்து அழுதுட்டேன். எங்க கிளாஸ்ல இப்படி நாலு பேர் இருந்தாங்க. ஒருத்தனையும் யாரும் அப்படிக் கேட்டதில்ல.

கணக்கு டீச்சர் (ஓய்வு)
அந்த வாத்தியாருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

பையனுக்குக் கணக்கு வருகிறது. கேள்வியின் மொழி வரவில்லை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, புத்தகத்தில் இன்னொன்று. கட்டம் போட்ட தாளில் தாய்மொழி என்று தலைப்பு போட்டு யாராவது மார்க்கோடு சேர்த்துப் பார்த்தால் எத்தனையோ விளங்கும்.

மொழி என்றதும் உங்கள் பெண்ணைப் பற்றி ஒன்று. சேர்ப்பதற்கு முன்னால் முதல் மொழி எது, பாடமொழி எது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்எல்சியில் மொத்தம் 625. மற்றதெல்லாம் 100, முதல் மொழிக்கு மட்டும் 125. அவள் இதுவரை ஆங்கிலம் முதல் மொழி, கன்னடம் இரண்டாவது என்று படித்திருப்பாள். அங்கே கன்னடம் முதல் மொழி என்றால் எட்டாவதிலிருந்தே தினம் அரை மணி அதற்குக் கொடுக்க வேண்டும். 2015ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கன்னடம் முதல் அல்லது இரண்டாவது மொழியாக எங்கேயும் இருந்தே தீரும், ஆகவே அந்த உழைப்பு வீண்போகாது. ஜெயநகர் தம்பிக்கும் இதுதான் பதில்: ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள், சில அரசு ஹைஸ்கூல்களில் உண்டு. இல்லையென்றாலும் 21 பேர் வகுப்பில் ஆங்கிலம் பேச ஒவ்வொரு பிள்ளைக்கும் முறை வரும்.

அல்சூர்க்காரி
இங்கிலீஷ் மீடியம் ஒரு பிரிவு இருக்கு டீச்சர், முதல் மொழி கன்னடம்தான். பொண்ணு சரின்னுட்டா. நாத்தனார் வீட்டுக்காரர்கிட்ட நானே பேசிட்டேன்: அந்தப் பிள்ளைங்களை நான் பார்த்துட்டு வந்தேன், என் பொண்ணு அவங்க கூடத்தான் உட்காரப்போறான்னு.

ஒரு சிக்கல். பழைய ஸ்கூல்ல ஃபீஸ் பாக்கி இருக்கறதால டிசி தர மாட்டேங்கறாங்க.

தகவல் தேடி
எட்டாவது என்பதால் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வருகிறது. டிசி தாமதமாகிறது என்ற காரணத்தால் அரசு பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது, சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. எச்.எம்.மிடம் எழுத்தில் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு, பிஇஓ ஆபீசில், ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்குங்கள். சாதி, வருமானச் சான்றிதழுக்கு நாட கச்சேரியில் (வருவாய்த் துறை அலுவலகம்) இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உதவித்தொகைக்கு எஸ்எஸ்பி என்ற மாநில அரசு இணையதளத்தில் அந்தச் சான்றிதழ்களின் எண்ணைத்தான் கேட்பார்கள்.

லிங்கராஜபுரம் அப்பா
நான் வேணும்னா கூட வரேன் அம்மா. திங்கக்கிழமை காலையில எனக்கு டூட்டி இல்ல. பிஇஓ ஆபீஸ் பத்தரைக்கு மேலதான் ஆள் வருவாங்க.

இன்னொண்ணு பார்த்துக்கோங்க. ஆதார்ல இருக்கிற பேரும் டிசியில வர்ற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். நம்மவங்களுக்கு இனிஷியல் முன்னாடி, பின்னாடி, விரிச்சு எழுதறதுன்னு மூணு விதமா இருக்கும். எட்டாவதுல எது ஏறுதோ அதுதான் பத்தாவது மார்க்ஸ் கார்டு வரைக்கும் வரும். என் பெரியவனுக்கு அதை மாத்த எட்டு மாசம் அலைஞ்சேன்.